கறுப்புக் கம்பளி போர்த்திய சம்பந்தி

பொத்தைக்குளத்து ஆட்களிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும், சிந்தாமல் சிதறாமல் அப்படியே கடைப்பிடிப்பார்கள். அவர்களுடைய கஷ்டமே அதுதான்.

அந்த ஊர் பேச்சிமுத்துவுக்கு வயது முப்பத்தாறு. பதினொரு பெண் பார்த்தாயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் பெண்ணின் அப்பா ஏதாவது கேட்பார், இவன் உண்மையைச் சொல்லுவான், காப்பியோடு கதை முடிந்துவிடும். பன்னிரண்டாவது பெண் மலைக்கு அந்தப் பக்கம் மேலச்சுனையில் இருந்தாள். இதுவும் தட்டிப்போனால் இனி என்னைத் தேடி வராதே என்று தரகர் சொல்லிவிட்டார்.

பெண்ணின் அப்பா போனில் பேசினார். "புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். அதுக்கு முன்னால வந்துருங்க. உச்சிப் பாறைகிட்ட நானே வந்து கூட்டிட்டுப் போறேன். கறுப்புக் கம்பளி போத்தியிருப்பேன், அதான் அடையாளம். தொண்டை கட்டியிருக்கு, அதிகம் பேச முடியாது."

பேச்சிமுத்து, அவனுடைய தாய்மாமா ஆவுடையப்பன், அக்கா புருஷன் கொம்பையா ஆகிய மூன்று பேரும் காலையிலேயே கிளம்பினார்கள். கொம்பையா கையில் ஒரு எவர்சில்வர் தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு, இரண்டு சீப்பு வாழைப்பழம், பலாச்சுளை.

அடிவாரத்து செக்போஸ்டில் வனக்காவலர் தங்கப்பழம் அவர்களை நிறுத்தினார்.

"மேல கரடி நடமாட்டம் இருக்கு அண்ணாச்சி. சத்தமாப் பேசிக்கிட்டே போங்க. ஆள் வாரது அதுக்கு முன்கூட்டியே தெரியணும். பழத்தைக் கையில வச்சுக்கிட்டுப் போகாதீங்க, வாசம் புடிச்சு வந்துரும். எதிர்ல வந்துட்டா ஓடாதீங்க, முதுகைக் காட்டாதீங்க. கையைத் தூக்கி நின்னு, தட்டைத் தட்டிச் சத்தம் போடுங்க."

"கரடிதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிட?" என்று கேட்டார் கொம்பையா. அவர் எதையும் தீர விசாரிக்கிறவர்.

தங்கப்பழம் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். "கறுப்பா இருக்கும். நாலு கால்ல வரும்."

கொம்பையா தலையாட்டிவிட்டு, பழத்தைக் கையிலிருந்து எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

பத்தடி போனதும் மாமா நின்றார். "கரடிக்கு முதுகைக் காட்டக் கூடாது. சரி. அது எந்தப் பக்கம் இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. கால் மணி நேரம் யோசித்து, மூன்று பேரும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றுகொண்டார்கள். ஒருவர் முன்னால் பார்த்து நடக்க, மற்ற இருவரும் பின்பக்கமாகவே அடியெடுத்து வைத்தார்கள். கொம்பையா ஏழு முறை விழுந்தார். தாம்பாளம் நான்கு முறைதான் விழுந்தது.

சத்தமாகப் பேச வேண்டுமே, என்ன பேசுவது? பெண் வீட்டில் கேட்கப்போகும் கேள்விகளை ஒத்திகை பார்க்கலாம் என்றார் மாமா.

"தம்பிக்கு என்ன வேலை?" மலையே அதிர்ந்தது.

"மிக்சி ரிப்பேர்."

"சொந்தக் கடையா?"

"இல்ல. செருப்புக் கடை வாசல்ல ஒரு ஸ்டூல்."

"ஸ்டூலாவது சொந்தமா?"

"அதுவும் செருப்புக் கடைக்காரருதுதான்."

"மாப்ள," என்று கத்தினார் கொம்பையா, "ஸ்டூல் பேச்சை அவரா எடுக்காம நீயா எடுக்காத."

உச்சிப் பாறையை அடைந்தபோது மணி பதினொன்றரை. பாறையோரம் ஒருவர் எழுந்து நின்று, மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நல்ல கறுப்பு.

"கரடியா இருக்குமோ?" என்றான் பேச்சிமுத்து.

மாமா நிதானமாக எண்ணினார். "ரெண்டு காலு."

"கறுப்பா இருக்கே."

"கம்பளி கறுப்புன்னு அவரு போன்லயே சொன்னாருல்லா."

"உறுமுதாரே மாமா."

"தொண்டைக் கட்டு. பாவம், ரொம்ப மோசமாத்தான் கட்டியிருக்கு."

கொம்பையா தாம்பாளத்தைப் பணிவாக முன்னால் நகர்த்தினார். சம்பந்தி பலாச்சுளையை முடித்தார். வாழைப்பழத்தைத் தோலோடு தின்றார். வெற்றிலையை மென்று பார்த்துத் துப்பினார்.

"வீட்டுல கவனிப்பு பத்தாது போல," என்றார் கொம்பையா.

"அதை விடு. தாம்பூலத்தை எடுத்துக்கிட்டாரு. சம்மதம் இல்லாதவன் தட்டுல கை வைப்பானா?"

பேச்சிமுத்துவுக்குக் கண் கலங்கியது. "ஒரு கேள்வி கேக்கல மாமா. பன்னெண்டு வீட்டுல இவரு ஒருத்தருதான் ஒண்ணுமே கேக்கல."

அப்போது சம்பந்தி முன்னங்கைகளைத் தரையில் ஊன்றினார்.

"மாமா," என்றார் கொம்பையா மெல்ல. "நாலு காலு."

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "குனிஞ்சு கும்பிடுதாரு வே. பொண்ணைப் பெத்தவரு குனியும்போது நாம நிமிந்து நிக்கலாமா?"

மூன்று பேரும் சாஷ்டாங்கமாக விழுந்தார்கள். சம்பந்தி அருகில் வந்து ஒவ்வொரு தலையையும் மோந்து பார்த்தார். பேச்சிமுத்துவின் பிடரியில் நெடுநேரம் மூச்சுவிட்டார். பிறகு புதருக்குள் போய்விட்டார்.

"ஆசீர்வாதம் பண்ணிட்டாரு," என்றார் மாமா. "பல்லு வெளக்க மறந்துட்டாரு. கல்யாண அவசரம்."

அவர்கள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது மேலச்சுனைப் பக்கத்துச் சரிவில் சத்தம் கேட்டது. கறுப்பாக ஒரு உருவம் கையையும் காலையும் ஊன்றி மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.

கொம்பையா எண்ணினார். இரண்டாவது முறையும் எண்ணினார். "கறுப்பு. நாலு. மாமா, இதுதான் அது."

அவர்கள் ஓடவில்லை, முதுகைக் காட்டவில்லை. மாமாவும் பேச்சிமுத்துவும் கையைத் தூக்கிக்கொண்டு கத்த, கொம்பையா தாம்பாளத்தை அடித்தார்.

"யோவ், நான்தான்யா பொண்ணோட அப்பா," என்றது கம்மிய குரல்.

"பேசும்னு தங்கப்பழம் சொல்லலையே," என்றார் மாமா.

"பேசாதுன்னும் சொல்லல," என்றார் கொம்பையா.

வந்தவர் மூச்சு வாங்க எழுந்து நின்றார். இரண்டு கால் ஆனதும் மூவரும் மரியாதையாகக் கையையும் தாம்பாளத்தையும் இறக்கி வணக்கம் சொன்னார்கள்.

"சீக்கிரம் வாங்க, ராகுகாலம் வரப்போவுது. மாப்பிள்ளைக்கு மிக்சி ரிப்பேராமே. எங்க வீட்டுல மூணு மிக்சி கெட்டுக் கெடக்கு. எங்களுக்குப் பூரண சம்மதம்."

பேச்சிமுத்து மாமாவைப் பார்த்தான். மாமா கைகூப்பினார்.

"மன்னிக்கணும் அண்ணாச்சி. நீங்க கொஞ்சம் பிந்திட்டீய. இப்பத்தான் வேற ஒருத்தர் தாம்பூலம் எடுத்துக்கிட்டுப் போறாரு. வாக்குக் குடுத்த பொறவு இன்னொரு வீட்டுல பொண்ணு பாக்கது முறையில்ல."

"இந்தக் காட்டுல என்னைத் தவிர வேற யாருய்யா பொண்ணு வச்சிருக்கா?"

"அவரும் கறுப்புக் கம்பளிதான். உங்களுதைவிட அடர்த்தி."

பெண்ணின் அப்பா தரையில் பதிந்திருந்த காலடித் தடத்தைப் பார்த்தார். அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். "அது கரடிய்யா."

மாமா வருத்தமாகச் சிரித்தார். "நமக்கு அமையாத சம்பந்தத்தைக் குறை சொல்லுதது எல்லா ஊர்லயும் உள்ளதுதான்."

பிறகு மூன்று பேரும் புதரை விலக்கிக்கொண்டு, பெண்ணைப் பார்க்க உள்ளே நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் பேச்சிமுத்து தயங்கி நின்றான்.

"அத்தான், பொண்ணு அப்பா சாயலா இருந்துட்டா என்ன செய்ய?"

கொம்பையா ஆழமாக யோசித்தார்.

"அம்மா வருவாங்கல்லா," என்றார். "அவங்களைப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."