மரப்பாலத்தில் யாருமில்லை

நாற்பது கிலோமீட்டர் மலையோட்டத்தில் எஸ்டேட் மேனேஜர் துரைப்பாண்டியன் முதலில் வந்து கோப்பையை வாங்கிக்கொண்டார். அடுத்து வந்தவள் கொழுந்து பறிக்கும் ராசக்கனி. அவள் முகம் வெளிறிக் கிடந்தது.

"கவனம் சிதறினா தோல்விதான். நான் பாதையிலிருந்து கண்ணையே எடுக்கலை. நீ ஏன் தோத்தேன்னு மைக்கில் சொல்லு," என்றார் மேனேஜர்.

"ஓட்டப் பாதையில வர்ற மரப்பாலத்துல யாரையாச்சும் பார்த்தீங்களாய்யா?"

"ஈ காக்கைகூட இல்லை."

"முன்னாடி ஓடுனது நானும் செல்லையா அண்ணனும்தான். அண்ணன் அந்தப் பாலத்துல நெஞ்சைப் பிடிச்சு விழுந்து, என் மடியிலதான் உசுரை விட்டாரு. பின்னால வந்தவங்க எல்லாரும் அவரைத் தூக்கிட்டு வர்றாங்க. நீங்க எந்த வழியா வந்தீங்க?"

மேனேஜரைக் கோப்பையோடு மேடையில் விட்டுவிட்டு, கூட்டம் செல்லையாவை எதிர்கொள்ள மலையேறியது.