அகல்வெளியின் ஒற்றை இருக்கை

அகல்வெளி என்ற புல்வெளியில் முயல்களும் வெளிமான்களும் கௌதாரிகளும் ஆட்காட்டிக் குருவிகளும் வாழ்ந்தன. அங்கே மரம் என்று சொல்ல நாலைந்து வேலமரங்கள்தான் உண்டு. மற்றபடி புல். புல்லுக்கு மேலே வானம். நடுவில் ஒரே ஓர் ஓடை. அதற்குச் சிறுமணி ஓடை என்று பெயர்.

அந்த ஓடை கிழக்கே ஐந்து நாள் நடைத் தூரத்தில் இருந்த பெருங்காட்டில் பிறந்தது. பெருங்காட்டில் ஒரு சபை உண்டு. யார் எங்கே மேயலாம், எந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போகலாம் என்பதையெல்லாம் அந்தச் சபைதான் முடிவு செய்யும். சபைக்குத் தலைவர் ஒரு யானை. ஆயிரம் உயிர்களுக்கு ஒரு பிரதிநிதி என்பது சபையின் விதி.

ஒரு காலத்தில் அகல்வெளியிலிருந்து இரண்டு பேர் சபைக்குப் போனார்கள். பிறகு மூன்று ஆண்டுகள் மழை பொய்த்தது. கூட்டம் கூட்டமாக உயிர்கள் வேறு இடம் தேடிப் போய்விட்டன. சபை ஆள் அனுப்பித் தலைகளை எண்ணிப் பார்த்தது. ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தன.

"இனிமேல் உங்களுக்கு ஒரே இருக்கைதான்!" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஒரே இருக்கைக்கு இரண்டு மழைக்காலத்துக்கு ஒரு முறை தேர்தல் நடக்கும். வேட்பாளர்கள் ஓடைக்கரையில் நிற்பார்கள். ஒவ்வொரு உயிரும் ஒரு கூழாங்கல்லைக் கொண்டுவந்து தனக்குப் பிடித்தவர் முன்னால் போடும். முள்ளம்பன்றி எண்ணி முடிவைச் சொல்லும்.

முதல் தேர்தலில் ஓநாய் ஜெயித்தது. அது சபையில் எழுந்து நின்று ஊளையிட்டது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அது என்ன கேட்டது என்று கடைசிவரை யாருக்கும் புரியவில்லை. அடுத்த தேர்தலில், நிதானமான ஆள் வேண்டும் என்று ஆமையை அனுப்பினார்கள். ஆமை பெருங்காட்டின் எல்லையைத் தொட்டபோது அதன் பதவிக்காலம் முடிந்திருந்தது.

மூன்றாவதாக நின்றவன் திரிகொம்பன் என்ற இளம் வெளிமான். ஐந்து நாள் தூரத்தை இரண்டே நாளில் ஓடிவிடுவான். பேச்சும் நன்றாக வரும். அவனுக்காக ஊரெல்லாம் கூவித் திரிந்தவள் செம்மூக்கி என்ற ஆட்காட்டி. அவன் பிறந்த புல்மேட்டில்தான் அவளும் முட்டையிலிருந்து வெளியே வந்தாள். இரண்டு பேரும் ஒன்றாக வளர்ந்தவர்கள்.

"திரிகொம்பனுக்குப் போடுங்கள்! நம் பிள்ளைக்குப் போடுங்கள்!" என்று அவள் அகல்வெளியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பறந்தாள். அவனே ஜெயித்தான்.

முதல் வருடம் அவன் நான்கு தடவை ஊருக்கு வந்தான். வரும்போதெல்லாம் எலும்பும் தோலுமாக இருந்தான்.

"என்ன இப்படி இளைத்துப் போய்விட்டாய்?" என்று செம்மூக்கி பதறினாள்.

"அங்கே நிமிர்ந்து பார்த்தால் வானம் தெரியவில்லை, செம்மூக்கி! வெறும் இலைதான் தெரிகிறது. புல் தித்திக்கிறது, ஆனால் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. காற்றே இல்லை. எப்போதடா ஊருக்குப் போவோம் என்று இருக்கிறது!"

அந்த வருடம்தான் எருமைக் கூட்டம் சிறுமணி ஓடையை மறித்துக் குட்டை கட்ட வேண்டும் என்று சபையில் கேட்டது. திரிகொம்பன் எழுந்தான். ஓடைக்கரையில் யார் யார் எந்தெந்த இடத்தில் நின்று தண்ணீர் குடிப்பார்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னான். சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. சபையில் பல பேர் கண் கலங்கினார்கள். குட்டை கட்டக் கூடாது என்று முடிவானது.

அகல்வெளி துள்ளிக் குதித்தது! அடுத்த தேர்தலில் அவனை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை.

இரண்டாவது தடவை போனவன் வருடத்துக்கு ஒரு முறைதான் வந்தான். மூன்றாவது தடவை தேர்தலுக்கு மட்டும் வந்தான். நான்காவது தடவை அவன் வரவே இல்லை. அவனுக்குப் பதிலாக ஒரு நரி வந்தது.

"அண்ணனுக்குச் சபையில் ஏகப்பட்ட வேலை! உங்களையெல்லாம் மிகவும் கேட்டதாகச் சொன்னார்!" என்றது நரி.

அந்த ஒரு வார்த்தைக்கே எல்லோரும் உருகிப் போனார்கள். கூழாங்கல் அவனுக்கே குவிந்தது.

ஆனாலும் ஏக்கம் போகவில்லை. மழை முடிந்து புல் பொன்னிறமாகும் நாட்களில், அவன் வந்தாலும் வருவான் என்று வெளிமான்கள் கிழக்கே பார்த்தபடி மேய்ந்தன. தூரத்தில் புழுதி எழுந்தால் கௌதாரிகள் கழுத்தை நீட்டும். செம்மூக்கி பறந்து போய்ப் பார்ப்பாள். காற்று மட்டும்தான் வந்திருக்கும். அவள் தனியே திரும்பி வருவாள்.

அந்தக் கோடையில் சிறுமணி ஓடை மெலிந்தது. பிறகு நூல் போலானது. பிறகு நின்றுபோனது.

செம்மூக்கி காத்திருக்கவில்லை. விடியற்காலையில் கிளம்பிப் பிற்பகலில் பெருங்காட்டை அடைந்தாள். ஓடையின் குறுக்கே மண்ணும் கல்லும் மேடாகக் கிடந்தன. மேட்டுக்குப் பின்னால் பெரிய குட்டை. குட்டையில் எருமைகள் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தன. கரை நிழலில் கொழுத்த வெளிமான் ஒன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

கொம்பைப் பார்த்துத்தான் அவனை அடையாளம் கண்டுகொண்டாள்.

"செம்மூக்கியா! வா, வா!" திரிகொம்பன் உண்மையாகவே மகிழ்ந்து எழுந்தான். சபையைப் பற்றிப் பேசினான். தன் இருக்கை கடைசி வரிசையிலிருந்து மூன்றாம் வரிசைக்கு வந்ததைச் சொன்னான். யானையார் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைச் சொன்னான். ஊரைப் பற்றிக் கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் கேட்கவே இல்லை.

கடைசியில் அவளே கேட்டாள். "இந்தக் குட்டைக்கு யார் அனுமதி கொடுத்தது?"

அவன் தலை குனிந்தான். "சபைதான். நானும் சரி என்றேன். அவசரப்பட்டுக் கோபித்துக்கொள்ளாதே! எருமைகளிடம் ஒன்பது இருக்கை இருக்கிறது. அவர்கள் தயவு இருந்தால் அடுத்த வருடம் நான் முன்வரிசைக்குப் போய்விடுவேன். முன்வரிசையில் உட்கார்ந்தால் அகல்வெளிக்கு எவ்வளவோ செய்யலாம்!"

"அதுவரைக்கும் நாங்கள் எதைக் குடிப்பது?"

இலை ஒன்று உதிர்ந்து குட்டையில் விழுந்தது.

"ஊர் ஞாபகமே வருவதில்லையா, திரிகொம்பா?"

"ஆரம்பத்தில் தினமும் வந்தது" என்றான் அவன் மெதுவாக. "முள் குத்தியது போல வலிக்கும். இந்த வலியோடு எப்படிப் பிழைப்பது என்று ஊரை நினைப்பதையே நிறுத்தினேன். இப்போது வலி இல்லை. நிம்மதியாகத்தான் இருக்கிறேன்."

செம்மூக்கிக்கு அழுகை வந்தது. அத்தனை வருடமும் ஏங்கியது யாருக்காகவோ, அவன் அங்கே இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. கிழக்கே ஓடிப் போன அந்த ஒல்லி மான் எங்கேயோ வழியிலேயே தொலைந்து போய்விட்டிருந்தது.

அடுத்த தேர்தலில் அவனை எதிர்த்துச் செம்மூக்கி நின்றாள்.

அகல்வெளி இரண்டாகப் பிரிந்தது. இந்த முறை திரிகொம்பனே நரியோடு வந்துவிட்டான். வறண்ட ஓடையில் நின்றுகொண்டு நரி பேசியது. "யோசித்துப் பாருங்கள்! எட்டு மழைக்காலம் பாடுபட்டு அண்ணன் முன்வரிசைக்குப் பக்கத்தில் வந்திருக்கிறார். அவரை இழக்கலாமா? புதிதாகப் போகிறவளுக்குக் கடைசி வரிசைதான்! அவள் பேசுவது யார் காதில் விழும்?"

"சரியான பேச்சு!" என்று பல குரல்கள் எழுந்தன.

செம்மூக்கி ஒரு கல்லின் மேல் ஏறினாள். "நரியார் சொல்வது உண்மைதான். எனக்குக் கடைசி வரிசைதான் கிடைக்கும். அதோடு, எனக்கு அங்கே போக விருப்பமும் இல்லை. ஒரு நாள் இருந்து பார்த்தேன். மூச்சு முட்டியது. நம் இனம் திறந்த வெளியில்தான் முட்டையிடும். அங்கே இருக்கும்வரை எனக்குக் கூடும் இல்லை, குஞ்சும் இல்லை."

வெண்காதி என்ற முயல் குறுக்கே கேட்டாள். "போக விருப்பம் இல்லாத உன்னை நாங்கள் ஏன் அனுப்ப வேண்டும்?"

"விருப்பத்தோடு போனவர் திரும்பி வரவில்லையே, வெண்காதி! நான் வாரத்துக்கு ஒரு முறை வருவேன். கடமைக்காக வர மாட்டேன். வராமல் என்னால் இருக்க முடியாது."

எல்லோரும் வரிசையாக வந்து கூழாங்கல்லைப் போட்டார்கள். முள்ளம்பன்றி எண்ணத் தொடங்கியது. உச்சிவெயில் ஏறும்வரை எண்ணியது. ஒரு முறைக்கு இரு முறை சரிபார்த்தது.

"பதினொரு கல் வித்தியாசம்! செம்மூக்கி!"

திரிகொம்பன் அன்றே பெருங்காட்டுக்குத் திரும்பிப் போனான். அங்கே அவனுக்கு நண்பர்கள் இருந்தார்கள் அல்லவா? ஆனால் குட்டைக்கரையில் எருமைத் தலைவன் கொம்பை ஆட்டியபடி வழியை மறித்தான்.

"இந்த நிழல், சபை உறுப்பினருக்கு! நீ இப்போது யார்?"

அவன் அங்கிருந்து நடந்தே ஐந்தாவது நாள் அகல்வெளிக்கு வந்தான். வழியில் ஓடையின் படுகை முழுவதையும் பார்த்துக்கொண்டு வந்தான். வெடித்த மண், செத்த நத்தை, காய்ந்த பாசி. ஊர் எல்லையில் வெண்காதி தன் குட்டிகளோடு ஈர மணலைத் தோண்டிக்கொண்டிருந்தாள். அவள் அவனைத் திட்டவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் அண்ணே, மண் சரிகிறது" என்று மட்டும் சொன்னாள். அவன் குளம்பால் அவளோடு சேர்ந்து தோண்டினான். விட்டுப்போன வலியெல்லாம் மொத்தமாகத் திரும்பி வந்தது.

சபையில் செம்மூக்கிக்குக் கடைசி வரிசைதான் கிடைத்தது. அவள் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்தாள். நீளமாகப் பேச மாட்டாள். ஊரிலிருந்து ஒரே ஒரு செய்தி சொல்வாள். "நேற்று ஒரு கௌதாரி நான்கு குஞ்சுகளோடு தண்ணீர் தேடிக் கிளம்பியது. இரண்டோடுதான் திரும்பியது" என்பாள். உட்கார்ந்துவிடுவாள்.

"இன்றைக்கு யாருடைய புராணம்?" என்று எருமைகள் சிரித்தன. சில மாதங்களில் மற்றவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அவள் எழுந்ததும் சபை தானாக அமைதியானது.

வாரம் தவறாமல் அவள் ஊருக்குப் பறந்து வந்தாள். ஒரு நாள் திரிகொம்பன் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தான்.

"நான் சொன்னால் கேட்பாயா? வரையாடு சபையில் வாயே திறக்காது. ஆனால் எருமைகள் அது நக்கும் உப்புப் பாறையைச் சேறாக்கிவிட்டன. அந்தக் கோபம் அதற்கு உண்டு. அதனிடம் தனியாகப் பேசிப் பார். வாக்கெடுப்பு நடக்கும் நாளில் யானையாருக்குப் பக்கத்தில் நில். அவருக்கு வலது காது கேட்காது, இடது பக்கம் நில்!"

அவள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கேட்கிறேன்" என்றாள்.

இரண்டாம் மழைக்காலத்துக்கு முன்பு, குட்டையை உடைப்பதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு வந்தது. வரையாடு எழுந்து வந்து செம்மூக்கியின் பக்கம் நின்றது. பதினாறுக்குப் பதினைந்து! யானையாரே தன் துதிக்கையால் மண்மேட்டைத் தள்ளினார். சிறுமணி ஓடை ஐந்தாவது நாள் அகல்வெளிக்கு வந்து சேர்ந்தது. முயல் குட்டிகள் தண்ணீரைப் பார்த்துப் பயந்து ஓடின. அவை ஓடும் தண்ணீரைப் பார்த்ததே இல்லை.

தேர்தல் நாள் வந்தது. செம்மூக்கியை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. ஆனால் அவளே எழுந்து, "இந்த முறை வேறு யாரையாவது அனுப்புங்கள்" என்றாள்.

எல்லோரும் திகைத்தார்கள். "உனக்கு இரண்டாம் வரிசை தருகிறார்களாமே! இப்போது போய் இருக்கையை விடுகிறேன் என்கிறாயே!" என்று கௌதாரிகள் கூச்சலிட்டன.

"அதனால்தான் பயமாக இருக்கிறது" என்றாள் அவள். "போன வாரம் அந்த இரண்டாம் வரிசையைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். மூன்று நாள் உங்களில் ஒருவரைக்கூட நினைக்கவில்லை. நான்காவது நாள்தான் அது எனக்கே தெரிந்தது. இன்னும் இரண்டு மழைக்காலம் இருந்தால், தெரியாமலே போய்விடும்."

திரிகொம்பன்தான் முதல் ஆளாகத் தலையசைத்தான்.

அன்று அவர்கள் வெண்காதியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் தன் குட்டிகளைக் கௌதாரிகளிடம் ஒப்படைத்துவிட்டுக் கிழக்கே கிளம்பினாள். நாலு தாவல் தாவுவாள், நின்று திரும்பிப் பார்ப்பாள். மறுபடி நாலு தாவல், மறுபடி ஒரு பார்வை.

"இப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனால் எப்போது போய்ச் சேருவாள்?" என்று ஒரு கௌதாரி கவலைப்பட்டது.

"மெதுவாகத்தான் போய்ச் சேரட்டும்" என்றாள் செம்மூக்கி. "நமக்காக நன்றாகப் பேசுவாள்."

பிறருக்காகப் பேசப் போகிறவர், அவர்களுடைய நினைப்பு தம் நெஞ்சை விட்டுப் போவதற்கு முன்பே இருக்கையை விட்டு எழுந்துவிட வேண்டும்.