தொட்டியில் வந்த கோரை

எங்கள் காலனித் தோட்டச் சங்கத்தில் சேர வந்தாள், வீடுவீடாகப் பால் ஊற்றும் எஸ்தர். தலைவர் ரங்கபாஷ்யம், களையே இல்லாத தோட்டமென்று கோப்பை வாங்கியவர். உதட்டைச் சுழித்தார்.

“உறுப்பினர் ஒருத்தர் வீட்டிலயும் இல்லாத செடி கொண்டு வாம்மா, சேர்த்துக்கலாம்.”

மறுநாள் தொட்டியோடு வந்தாள். அதில் கோரைப்புல்.

“இது களையாச்சே!”

“உங்க தோட்டத்துல இருக்குதுங்களா சார்?”

இருக்கு என்றால் கோப்பை போச்சு. இல்லை என்றால் எஸ்தர் உறுப்பினர். தலைவர் குழம்பிப்போய் எங்களைப் பார்த்தார். அடுத்த கோப்பைக்குக் காத்திருக்கும் நாங்களும் எங்கள் வீட்டில் இல்லையென்று அவசரமாகத் தலையாட்டினோம்.

“இல்லை... இல்லையே” என்றார்.

எஸ்தர் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்:

“உங்க ரோஜாப் பாத்தியில புடுங்கினதுதான் சார். மிச்சத்தையும் நாளைக்குப் புடுங்கிடட்டுங்களா?”