இன்னிக்கு நீங்கதான் டீசல்

பண்ருட்டியிலிருந்து விழுப்புரம் போகிற சாலையோரத்தில் ஜுலைகா பஞ்சர் கடை நடத்திவந்தாள். வயது முப்பத்திரண்டு. அது அவள் அப்பா நடத்திய கடை. அவர் காலமானதும் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்து கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். லாரிக்காரர்கள் முதலில் கிண்டலாகத்தான் ‘டீச்சர்’ என்றார்கள். கிண்டல் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

யார் என்ன கேட்டாலும் அவள் லேசில் பதில் சொல்லமாட்டாள். கேட்டவரையே ஏதாவது செய்யச் சொல்வாள். அதற்காகவே சிலர் அவளிடம் வருவார்கள். அதற்காகவே சிலர் வரமாட்டார்கள்.

ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை. தணிகாசலம் தன் பழைய பிக்கப் வண்டியைக் கடை முன்னால் நிறுத்தினார். ஐம்பத்தாறு வயது. முப்பது வருடமாக ஓட்டுகிறவர். பலாப்பழம் ஏற்றிப்போய் விழுப்புரத்தில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டில் மனைவி பூங்காவனம். பழத்தை விற்பது அவள்.

“டீச்சர், லிட்டருக்கு ஒம்பது கிலோமீட்டர்தான் தருது. புதுசுல பதினாலு தந்த வண்டி.”

“வித்துடுங்கண்ணே.”

தணிகாசலம் மனைவியைப் பார்த்தார். அவள்தான் சொன்னாள்.

“வெள்ளிக்கிழமை காயலான்கடைக்காரர் வராரு. வித்துட்டா இவருக்கு மெட்ராஸ்ல வாட்ச்மேன் வேலை இருக்குது. என் தம்பி பாத்து வச்சிருக்கான். அங்க ஒரு ஆளு படுக்கத்தான் எடமாம். நான் இங்க, இவரு அங்க.”

சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, புடவைத் தலைப்பால் பக்கவாட்டுக் கண்ணாடியைத் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“இருபத்திரண்டு வருஷமா இந்த சீட்டுலதான் வரா,” என்றார் தணிகாசலம். “இன்ஜினைப் பிரிச்சு வேலை பாக்க நமக்கு வசதியில்ல. டவுன்ல ஒருத்தன் டீசல் குழாயில காந்தம் ஒண்ணு மாட்டிவிட்டான். மைலேஜ் ஏறும்னான்.”

“ஏறிச்சா?”

“பளபளன்னு அழகா இருக்குது,” என்றாள் பூங்காவனம்.

ஜுலைகா சிரித்தாள். எழுந்து வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். எதையும் தொடவில்லை.

“அக்கா, நீங்க ஏறி ஸ்டீயரிங்கைப் புடிச்சுக்கங்க. கியர் நியூட்ரல்ல இருக்கட்டும். அண்ணே, நீங்க பின்னால போங்க. அதோ அந்த கரண்ட் கம்பம் வரைக்கும் வண்டியத் தள்ளணும்.”

“நானா?”

“டீசல் வேணாம். இன்னிக்கு நீங்கதான் டீசல்.”

கம்பம் முப்பதடி தூரம். தரை சமமான தரை. தணிகாசலம் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தள்ளினார். வண்டி முக்கி முனகி இரண்டடி நகர்ந்தது, நின்றது. மறுபடி தள்ளினார். ஓரடி. எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் தம்ளரோடு வெளியே வந்துவிட்டார்கள்.

“முடியல டீச்சர்.”

“ஏன் முடியல?”

“பின்னாலேர்ந்து யாரோ இழுக்கற மாதிரி இருக்குது.”

“யாருன்னு பாத்துச் சொல்லுங்க. டீசலுக்கு வாய் இல்ல. உங்களுக்கு இருக்குது.”

அவர் குனிந்தார். ஒவ்வொரு சக்கரமாகக் கைவைத்துப் பார்த்தார். பின்பக்கம் இடது சக்கரத்தில் கை வைத்ததும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். சுட்டது.

“பிரேக் புடிச்சுக்கினே இருக்குது!” என்றார். தன் வண்டியில் ஒரு திருடனைக் கண்டுபிடித்த குரல் அது. அடுத்து டயரை அமுக்கினார். “காத்தும் இல்ல. நாலுலயும் இல்ல.”

ஜுலைகா ஜாக்கியையும் ஸ்பேனரையும் கொண்டுவந்து வைத்தாள். முப்பது வருட டிரைவருக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. அவர் சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் கழற்றி, துருவைத் தேய்த்து எடுத்து, பிரேக்கைச் சரிசெய்து மாட்டினார். அவள் நான்கு டயருக்கும் காற்று பிடித்தாள்.

மறுபடி தள்ளினார். வண்டி பதினைந்தடி போனது.

“இப்ப?”

“கனமா இருக்குது.”

“என்ன கனம்?”

அவர் பின்னால் ஏறிப் பார்த்தார். போன மழைக்குச் சேற்றில் சிக்காமல் இருக்கப் போட்ட மணல் மூட்டை மூன்று. செத்துப்போன பேட்டரி இரண்டு. எந்த வண்டிக்கென்றே மறந்துபோன கியர்பாக்ஸ் மூடி. கேபின் தலைமேல் ஓர் இரும்பு கேரியர். ஏழு வருடமாக அதில் காற்றைத் தவிர எதுவும் பயணம் செய்ததில்லை. எல்லாவற்றையும் கடை ஓரமாக இறக்கிப் போட்டார். கேரியர் போல்ட்டைக் கழற்றத்தான் நேரம் பிடித்தது.

“இன்னும் வேண்டாத கனம் எதுனா இருக்குதா?” என்று கேட்டாள் ஜுலைகா.

தணிகாசலத்தின் கண் மெல்லக் கேபினுக்குள் போனது.

“இந்தாய்யா, யாரைப் பாக்கற?” என்றாள் ஸ்டீயரிங்கில் இருந்த பூங்காவனம்.

டீக்கடை முழுதும் சிரித்தது. தணிகாசலத்துக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டன. அந்தச் சிரிப்போடே தள்ளினார். கம்பத்துக்கு ஐந்தடி இருக்கையில் மூச்சு வாங்கியது.

“துண்டை அவுத்து, மூக்கையும் வாயையும் சேத்து இறுக்கிக் கட்டிக்கிட்டுத் தள்ளுங்க,” என்றாள் ஜுலைகா.

“அப்படித் தள்ளினா செத்துருவேன் டீச்சர். மூச்சு எப்படி…” என்றவர் பாதியில் நிறுத்தினார். ஓடிப்போய், வண்டி மூச்சு இழுக்கிற ஏர் ஃபில்டரைக் கழற்றினார். தரையில் ஒரு தட்டு தட்டினார். ஒரு கோடைகாலப் புழுதி முழுக்கக் கீழே கொட்டியது. அந்த வடிகட்டியை இனிச் சுத்தம் செய்து பயனில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. ஜுலைகா தன் அலமாரியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு அவர் வாங்கிய பொருள் அது ஒன்றுதான்.

கடைசி ஐந்தடியும் தள்ளியாயிற்று. கம்பத்தைத் தொட்டதும் டீக்கடையில் யாரோ விசில் அடித்தார்கள்.

“அவ்வளவுதானா டீச்சர்?”

“வண்டிக்கு அவ்வளவுதான். அக்கா, இனிமே நீங்கதான் நடுவர். வெறும் வண்டியாத் திரும்பி வரும்போது இவரு ஒரு தடவை பிரேக் போட்டா, வண்டிய ஓரங்கட்டச் சொல்லுங்க. இறங்கிப் பத்தடி தள்ளிட்டு வந்துதான் மறுபடி ஓட்டணும். குறுக்க யாராவது வந்து, உயிரைக் காப்பாத்தப் போடற பிரேக்கு கணக்குல சேராது.”

“பிரேக் போடாம எப்படி வண்டி ஓட்டறது?”

“தெரியலண்ணே. ஓட்டிப் பாத்துட்டு எனக்கும் சொல்லுங்க.”

செவ்வாய்க்கிழமை காலை டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினார்கள். அன்று திரும்பும்போது தணிகாசலம் பதினோரு தடவை இறங்கித் தள்ளினார். வேகத்தடையைப் பத்தடிக்கு முன்னால்தான் பார்ப்பார், பிரேக்கில் ஏறி நிற்பார். முன்னால் போகிற பஸ்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டே போவார், அது நின்றால் இவரும் அடித்து நிறுத்துவார். ஒவ்வொரு தடவையும் பூங்காவனம், “ஓரங்கட்டு,” என்பாள். நகர்ந்து ஸ்டீயரிங்குக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள். வாழ்நாளில் முதல்முறையாகச் சாலையில் வண்டி ஓட்டுகிற சந்தோஷம் அவளுக்கு.

“நேரா தள்ளுய்யா!” என்று கண்ணாடி வழியாக அதட்டுவாள்.

தள்ளித் தள்ளித் தோள் வலி எடுத்தது. நின்றுபோன வண்டியை மறுபடி நகர்த்த அந்த முதல் அடிதான் உயிரை வாங்குகிறது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு நாளைக்கு எத்தனை முதல் அடி!

புதன்கிழமை அவர் கண் தூரத்துக்குப் போக ஆரம்பித்தது. அரை மைலுக்கு முன்பே ஆட்டு மந்தை தெரிந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். வண்டி தானே உருண்டு, தானே வேகம் குறைந்து, மந்தை கடந்துபோன நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. பிரேக் போடவில்லை. பூங்காவனம் கையைத் தட்டினாள். ரயில்வே கேட் மூடியிருந்த இடத்தில் இன்ஜினை அணைத்தார். முன்னெல்லாம் உறுமவிட்டுக்கொண்டே நிற்பார். அன்றைக்கு நாலு தடவைதான் தள்ள வேண்டியிருந்தது.

கேட் தாண்டி நிதானமாக வந்துகொண்டிருந்தார். வேக முள் ஐம்பதிலேயே நின்றிருந்தது. ஏதோ சத்தம் கேட்டது. காதைத் தீட்டினார்.

“ரேடியோ பாடுதா?”

“நம்ம வண்டியில ரேடியோ எப்ப இருந்துச்சு?”

“பின்ன யாரு பாடறது?”

பூங்காவனம் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, “நான்தான்,” என்றாள்.

“நீ பாடுவியா?”

“இருபத்திரண்டு வருஷமா பாடிக்கினுதான் வரேன். நாத்து நடும்போது எங்கம்மா பாடற பாட்டு. நீ ஓட்டற ஓட்டுல எது கேக்கும்?”

தணிகாசலம் வேகத்தை இன்னும் குறைத்தார். ஒரு வளைவு வந்தது, முன்கூட்டியே காலை எடுத்துவிட்டு மெதுவாகத் திரும்பினார்.

“ஏன் நிறுத்திட்ட? பாடு.”

வியாழக்கிழமை ஒரே ஒரு தடவை பிரேக் போட்டார், குறுக்கே ஓடிய நாய்க்காக. அது கணக்கில் சேராது என்று நடுவர் தீர்ப்புச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேரும் பங்க்குக்குப் போனார்கள். டேங்கை மறுபடி வாய்வரை நிரப்பினார்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர் என்று தணிகாசலம் உள்ளங்கையில் எழுதிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். நம்பாமல் பங்க் பையனின் போனை வாங்கி அதிலும் போட்டார். லிட்டருக்குப் பதின்மூன்று.

“பதிமூணு!” என்று அவர் கத்திய கத்தலில் பின்னால் பைக்கில் நின்றவர் பெட்ரோல் விலை ஏறிவிட்டதோ என்று பதறிப்போனார்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் காயலான்கடைக்காரர் காத்துக்கொண்டிருந்தார். பூங்காவனம் அவரை உட்காரவைத்து ஒரு பலாப்பழத்தை அறுத்தாள். அவர் எட்டுச் சுளை சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டே, “வண்டிச் சாவி?” என்றார்.

“விக்கலண்ணா,” என்றாள் அவள்.

“வரச் சொன்னீங்களே?”

“வெறுங்கையா அனுப்புவமா? டீச்சர் கடையில ஒரு இரும்பு கேரியரும் ரெண்டு பேட்டரியும் ஒரு கியர்பாக்ஸ் மூடியும் கெடக்குது. போய் எடுத்துக்கங்க.”

தணிகாசலம் மைத்துனனுக்குப் போன் போட்டு, வாட்ச்மேன் வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டார். சொல்லும்போது குரலில் இருந்த உற்சாகத்தைக் கேட்டு, மாமாவுக்கு லாட்டரி அடித்துவிட்டது என்றே அவன் நினைத்தான்.

பலா முடிந்து கொய்யா வந்தது. மழையும் வந்தது. ஐப்பசியில் ஒரு நாள் தணிகாசலம் ஒரு கூடை கொய்யாவோடு ஜுலைகாவின் கடைக்கு வந்தார். முகத்தில் சின்னக் கவலை.

“டீச்சர், டேங்க் நிரப்பினா விழுப்புரம் பத்து நடை போய் வந்துக்கினு இருந்தேன். இந்த மாசம் ஒம்பதுதான் வருது.”

“பிரேக் புடிக்குதா?”

“இல்ல. தினம் கை வச்சுப் பாக்கறேன்.”

“டயர்ல காத்து?”

“சரியா இருக்குது.”

“வேகமா ஓட்டறீங்களா?”

“முள்ளு ஐம்பதைத் தாண்டறதே இல்ல.”

“அப்ப எங்க போவுது?”

தணிகாசலம் தலையைச் சொறிந்தார். வண்டியில் உட்கார்ந்திருந்த பூங்காவனத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“பெரிய ஏரி ரொம்பியிருக்குது டீச்சர். தாமரை பூத்துக் கெடக்குது. அவ ஒருநாள் பாக்கணும்னா. அதுலேர்ந்து தினமும் திரும்பும்போது ஏரிக்கரை வழியா சுத்தித்தான் வரோம். கொஞ்ச நேரம் நிறுத்தி உக்காந்து கொய்யா தின்னுட்டு வரோம். அந்த சுத்துல ஒரு நடை டீசல் போயிடுது. சுத்தறத நிறுத்திடட்டுமா?”

ஜுலைகா கூடையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்தாள். துடைத்து ஒரு கடி கடித்தாள்.

“மிச்சம் புடிச்ச டீசலை வேற எதுக்குண்ணே வச்சிருக்கீங்க?”