விலகிப் பார்த்தல்

அக்டோபர் 14, காலை 10.20. மூன்றாவது முறையாகச் சமிக்ஞை நின்றது. இஸ்ரவேல் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

ஜன்னல் வழியே, வெளியே நின்ற பெரிய ரேடியோ டிஷ்ஷைப் பார்த்தார். அது நட்சத்திரத்தை விட்டு விலகியிருக்கவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. தொலைபேசித் துறையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, இந்தப் பாறைக்காட்டு நிலையத்துக்கு வந்தவர். நட்சத்திரங்களிலிருந்து யாராவது பேசுகிறார்களா என்று பதினோரு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வேலையைக் கற்றுக்கொடுத்தவர் நிலையத் தலைவர் கமருன்னிஸா. இவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

முதல் நாளே கமருன்னிஸா இரண்டு விதிகள் சொன்னார்.

சந்தேகமாக ஏதாவது கேட்டால், டிஷ்ஷை நட்சத்திரத்திலிருந்து பக்கவாட்டில் திருப்பி விலகிப் பார்க்க வேண்டும். விலகிய பிறகும் கேட்டால் அது பூமியின் சத்தம்.

விலகும்போது நின்று, திரும்பும்போது மறுபடி வந்தால், அதன் பின் விலகவே கூடாது.

முந்நூற்று நாற்பது முறை விலகிப் பார்த்தாயிற்று. எல்லாம் பூமியின் சத்தம். கடைசியாக வந்தது பக்கத்துத் தோப்பின் மின்வேலி.

முந்நூற்று நாற்பத்தொன்றாவது நேற்று வந்தது. விலகினால் நின்றது. திரும்பினால் வந்தது.

இஸ்ரவேல் தலைவரின் அறைக்குப் போனார்.

"மேடம், அது நின்னு நின்னு வருது."

"தோப்புக்காரர் மறுபடி வேலியைப் போட்டுட்டாரா சார்?"

"நேத்து வந்ததைச் சொல்றேன். ஏழு நிமிஷம் வருது. ஏழு நிமிஷம் இல்லை. மறுபடி ஏழு நிமிஷம்."

"டிஷ்ஷைத் திருப்பினீங்களா?"

"இல்லை. ஜன்னல்லயும் பார்த்துட்டுத்தான் வர்றேன். நம்ம பக்கம் எதுவும் அசையலை."

கமருன்னிஸா இழுப்பறையைத் திறந்து, மின்வெட்டுக்கு வைத்திருந்த டார்ச்சை எடுத்தார்.

அதன் ஒளியை இஸ்ரவேலின் முகத்தில் அடித்தார். பகலிலும் கண் கூசியது.

சுவர்ப் பக்கம் திருப்பினார்.

மறுபடி முகத்தில் அடித்தார்.

இஸ்ரவேல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"உட்காருங்க சார்."

அவர் உட்காரவில்லை.

"அவங்களும் டிஷ்ஷைத் திருப்பி விலகிப் பார்க்கிறாங்க. நம்மளைச் சரிபார்க்கிறாங்க," என்றார்.

"பதினோரு வருஷமா இதுக்குத்தானே ஜெபம் பண்ணீங்க?"

"நாம அவங்களைக் கண்டுபிடிக்கணும்னு ஜெபம் பண்ணேன் மேடம். அவங்க நம்மளைன்னு பண்ணலை."

வெளியே வாட்ச்மேன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே எதையோ முணுமுணுத்துப் பாடினார். இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாத்தையும் நிறுத்திட்டா?" என்றார் இஸ்ரவேல். "டிவி, ரேடார், செல்போன் டவர். அரசாங்கத்துக்கு எழுதுவோம். எல்லா நாடும் சேர்ந்து கொஞ்ச நாள் சத்தமில்லாம இருந்தா, யாரும் இல்லைன்னு நினைச்சுப் போயிடுவாங்க."

"அந்த நட்சத்திரம் எவ்வளவு தூரம் சார்?"

"ஒளி வர முப்பது வருஷம்."

"அப்போ இது அங்கேயிருந்து கிளம்பி?"

"முப்பது வருஷம்."

இனி நிறுத்திப் பயனில்லை என்று புரிந்து இஸ்ரவேலின் குரல் இறங்கிவிட்டது. என் மகள் அப்போது பிறக்கவே இல்லை என்றார். அதை ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

பிறகு கேட்டார்: "சரிபார்த்து முடிச்சதும் என்ன செய்வாங்க மேடம்?"

கமருன்னிஸா டார்ச்சை உள்ளே வைத்து இழுப்பறையை மூடினார்.

"நான் உங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன்?"

இஸ்ரவேல் தன் அறைக்குத் திரும்பி ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

ஏழு நிமிடம் வருவதும் ஏழு நிமிடம் நிற்பதுமாக எட்டு மாதம் போயிற்று.

மறு ஆண்டு ஜூன் 9, மாலை 6.40க்குச் சமிக்ஞை வந்தது. 6.47க்கு அது நிற்கவில்லை.