நனைஞ்ச செருப்பும் ஆபத்து முரசும்

ராஜா கதைன்னதும் காலை நீட்டி உக்காந்துட்டீங்க. எனக்குத் தெரியும். ராஜா குழப்புவாரு, பொறாமைக்காரன் ஒருத்தன் கோள் மூட்டுவான், மந்திரி மூளையக் காட்டுவாரு, கடைசியில எல்லாருக்கும் நல்ல புத்தி வந்துரும். அதானே? முதல் மூணும் தர்றேன். நாலாவதுக்கு நான் பொறுப்பு இல்ல.

அந்தக் காலத்துல மேட்டுப்பட்டணத்த இடும்பவர்மன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டு இருந்தாரு. ஆண்டாருன்னா, அரண்மனை மாடத்த விட்டு இறங்காம ஆண்டாரு. கல்யாணமோ கருமாதியோ, எங்க கூப்பிட்டாலும் தன் பட்டுச் செருப்பைத்தான் பல்லக்குல அனுப்புவாரு. பாதுகைன்னு சொல்லணும். செருப்புன்னா சவுக்கடி. பாதுகை வந்தா ராஜாவே வந்த மாதிரி. எல்லாரும் எந்திரிச்சு நிக்கணும்.

அந்த ஊர்ல ஆபத்து முரசுன்னு ஒண்ணு இருந்துச்சு. அது அறைஞ்சாத்தான் படகுக் கொட்டடி திறக்கும், நெல்லுக் களஞ்சியம் திறக்கும், வெள்ளம் வடியற மதகு திறக்கும். எப்ப அறையணும்? ராஜா கால் வெள்ளத்துல நனைஞ்சா அறையணும். இது பாட்டன் போட்ட சட்டம். ராஜா நேர்ல இறங்கிப் போய்ப் பாக்கணும்னு அவரு நெனச்சாரு. பேரனுக்குப் புரிஞ்சது வேற. இறங்கலைன்னா ஆபத்தே கெடையாது.

அந்த ஐப்பசியில விடாத மழை. பள்ளத்துல இருந்த சாயக்காரத் தெருவுல தண்ணி கழுத்தளவு. தொட்டியில இருந்த நீலச் சாயமெல்லாம் கலந்து தெருவே நீலமா ஓடுது. ஜனங்க கூரை மேல. செம்பாயின்னு ஒரு சாயக்காரி நீந்தி ஏறி சபைக்கு வந்து நின்னா.

"மகாராஜா, என் மகளுக்கு நிறைமாசம். கூரை மேல உக்கார வச்சுட்டு வந்திருக்கேன். மண்சுவரு கரையுது. படகு வேணும்."

ராஜா தளவாயப் பாத்தாரு. தளவாய் பூவண்ணனுக்கு மந்திரி அம்பலவாணர் மேல தீராத வயித்தெரிச்சல். மந்திரி வாயத் திறக்கறதுக்குள்ள முந்திக்கிட்டான்.

"நானே அளந்து பாத்தேன் பிரபு. அரண்மனை மேல்படியில சொட்டுத் தண்ணி இல்ல."

"அப்ப கூரை மேல ஏன் ஏறினாங்களாம்?"

"காத்து வாங்கத்தான்."

ராஜாவுக்கு அது வசதியா இருந்துச்சு. ஏன்னா, 'இவர் ஆட்சியில் ஆபத்து முரசு அறைந்ததே இல்லை'ன்னு கல்லுல வெட்டச் சொல்லி, சிற்பி பாதி வெட்டியும் முடிச்சுட்டான்.

மந்திரி மெதுவா எந்திரிச்சாரு. "தளவாய் சொன்னா சரிதான். ஆனா கூரையேறிக் காத்து வாங்குற ஜனங்க மகாராஜாவக் கண்ணால பாக்கணும்னு துடிக்கறாங்களாம். பாதுகையையாவது அனுப்பினா..."

ராஜா முகம் பூத்துருச்சு. "அனுப்பு. குடை, சாமரம் எல்லாத்தோடயும்."

"பாதுகை போனா மகாராஜாவே போனதா அர்த்தம். இல்லையா தளவாய்?"

"அதுல சந்தேகப்படறவன் ராஜத்துரோகி"ன்னான் பூவண்ணன், சபையே கேக்கற மாதிரி.

"அங்க போனதும் பல்லக்க விட்டு இறக்கி வைக்கணுமில்ல?"

"இறங்காம விசாரிச்சா அது என்ன மரியாதை?"

போச்சு பல்லக்கு. குடைக்காரன் மாடப்பன் கழுத்துத் தண்ணியில நின்னு குடை பிடிச்சான். பாதுகைய ஒரு வீட்டு வாசல்ல இறக்கி வச்சாங்க. வாசல் தண்ணிக்கு அடியில இருந்துச்சு.

சபைக்குத் திரும்பி வந்தப்போ வெள்ளைப் பட்டு, கருநீலம்.

மந்திரி கைகட்டி நின்னாரு. "மகாராஜா கால் நனைஞ்சிருச்சு. முரசு அறையணும்."

ராஜா குனிஞ்சு தன் காலத் தடவிப் பாத்தாரு. "காஞ்சுதானய்யா இருக்கு?"

பூவண்ணன் துள்ளினான். "செருப்பு நனைஞ்சா கால் நனைஞ்சதா ஆயிருமா? செருப்பு வேற, ராஜா வேற."

செருப்புன்னு சொன்னதுக்கே சவுக்கடி, இது அதுக்கும் மேல.

"அப்படியும் வச்சுக்கலாம்"ன்னாரு மந்திரி. "என்ன, போன தையில மூணாவது ராணியம்மாவக் கல்யாணம் கட்டிக்க மகாராஜா போகல, பாதுகைதான் போச்சு. செருப்பு வேற, ராஜா வேறன்னா, ராணியம்மாவுக்குப் புருஷன் யாருன்னு இப்பவே தீர்மானம் பண்ணிரலாம்."

திரைக்குப் பின்னால மூணாவது ராணி ஒரே ஒரு தடவ தொண்டையக் கனைச்சாங்க.

"முரசு அறைங்கடா"ன்னாரு ராஜா.

முரசு அதிர்ந்துச்சு. மதகு திறந்துச்சு, நெல்லு வந்துச்சு, படகு போச்சு. செம்பாயி மக படகுலயே ஆம்பளப் புள்ளையப் பெத்தா. அவ ஏறின கொஞ்ச நேரத்துல வீட்டுச் சுவரு விழுந்துருச்சு. ராஜா தன் கணையாழியக் கழட்டி மந்திரிக்குப் போட்டாரு. பூவண்ணனக் கூடையும் கையுமா சாயக்காரத் தெருவுல சேறு அள்ள விட்டாரு. அங்க அவன் காத்து வாங்கிக்கிட்டே அள்ளினான்.

இங்கயே நிறுத்தியிருந்தா நல்ல ராஜாவாயிருப்பாரு. சேறெல்லாம் காஞ்சு தெரு புழுதி பறக்க ஆரம்பிச்சதும், தாரை தப்பட்டையோட சாயக்காரத் தெருவுக்கு எழுந்தருளினாரு. கல்லுல பழசக் கொத்தி எடுத்துட்டு, 'வெள்ளத்தில் தாமே இறங்கி வந்து காத்தவர்'னு வெட்டச் சொல்லியாச்சு. இடிஞ்ச சுவரோரம் செம்பாயி பேரனோட நின்னா.

"குழந்தைக்கு என்ன பேரு?"

"இன்னும் வைக்கல மகாராஜா."

"கழுத்துத் தண்ணியில வந்து உங்களக் காப்பாத்தினது யாருன்னு ஊருக்கே தெரியும். அவர் பேரையே வச்சிரு."

செம்பாயி குழந்தையப் பாத்தா, ராஜாவப் பாத்தா, மறுபடியும் குழந்தையப் பாத்தா. ராஜா தலைக்கு மேல குடை பிடிச்சிருந்த மாடப்பன் அவ தவிக்கறதப் பாத்துட்டு, உதவி செய்யறதா நெனச்சு வாய விட்டான்.

"இதுல என்ன யோசனை ஆத்தா? வந்தது செருப்புதானே, செருப்புன்னே வச்சிரு."