ஓடிய மரநாயும் துரத்திய முள்ளம்பன்றியும்

கடுக்காய்மலைக் காட்டில் வேலாண்டி என்றொரு முள்ளம்பன்றி குடியிருந்தான். ஆள் குட்டை, வாய் பெரிசு. ஒருமுறை ஒரு சிறுத்தை அவன் வளைக்குள் மூக்கை நீட்டி, முள் தைத்து, அலறிக்கொண்டு ஓடிப்போனது. அன்றிலிருந்து வேலாண்டிக்குத் தலைகால் புரியவில்லை.

"என் வீடு! என் முள்! என் சட்டம்!" என்று வருவோர் போவோரிடமெல்லாம் பீற்றிக்கொண்டான்.

அவன் மனைவி செங்கமலம் நிறைமாதக் கர்ப்பிணி. இந்த வீரப்பிரதாபத்தைக் கேட்டுக் கேட்டே அவளுக்குக் காது புளித்துவிட்டது.

"சட்டத்தைப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?" என்றாள்.

"ஏன் தெரியாது? குளக்கரைக் கூட்டத்துல நானும்தானே இருந்தேன்!"

இருந்தான், இல்லையென்று சொல்லவில்லை. கோடை வந்தால் அந்தக் காட்டில் எல்லாருக்கும் ஒரே ஒரு குளம்தான். புலியும் குடிக்கும், மானும் குடிக்கும். அதனால் கோடை தொடங்கும்போது குளக்கரையில் கூட்டம் போட்டு, காட்டெருமை பெரியகருப்பன் சட்டம் சொல்லுவார். மீறினவன் குடும்பத்தோடு குளத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. கோடையில் குளம் இல்லையென்றால் என்ன ஆகும்? நாக்கு வறண்டு சாக வேண்டியதுதான்.

அந்த வருடம் பெரியகருப்பன் முதலில் சொன்னது இது. "உன் வீட்டுக்குள்ள புகுந்தவன் உன்னைக் கொல்லப் பாய்ஞ்சா, நீ திருப்பிக் கொல்லலாம். காடு உன்னைக் கேள்வி கேட்காது."

வேலாண்டிக்கு அது தேனாக இனித்தது. ஆனால் கூட்டம் நடந்தது காலை நேரம். முள்ளம்பன்றிகளோ பகலில் தூங்குகிற சாதி. முதல் வாக்கியம் முடிந்ததும் நம்ம ஆள் நின்றபடியே குறட்டை விட ஆரம்பித்துவிட்டான். அதற்குப் பிறகு சொன்ன எதுவும் அவன் காதில் விழவில்லை. பாதிச் சட்டம் தெரிந்தவனைப் போல ஆபத்தான பிராணி எந்தக் காட்டிலும் கிடையாது!

ஒருநாள் வேலாண்டி ஒரு பலாப்பழத்தை உருட்டிக்கொண்டு வந்து வளைக்குள் வைத்தான். நல்ல பழுத்த பழம். வாசனை காட்டையே தூக்கியது. செங்கமலம் மசக்கை நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பழம் அது.

பக்கத்து மரப்பொந்தில் இசக்கி என்ற மரநாய் படுத்திருந்தான். அவனும் பகலில் தூங்குகிறவன்தான். ஆனால் அந்த வாசனையில் எவனுக்குத் தூக்கம் வரும்? புரண்டான், மூக்கைப் பொத்தினான், வாலால் கண்ணை மூடினான். ஒன்றும் ஆகவில்லை. நண்பகலில் மெல்ல இறங்கி வந்து வேலாண்டியின் வளைக்குள் பூந்துவிட்டான்.

பழத்தில் வாயை வைத்ததும், 'சலசல'வென்று ஒரு சத்தம். வேலாண்டி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நின்றான்.

"யார்றா அவன்!"

"ஐயோ அண்ணே! தெரியாம வந்துட்டேன்! பழம் உங்களுக்கே! என்னை விட்ருங்க!" என்று இசக்கி கத்தினான். பழத்தைப் போட்டுவிட்டு ஒரே பாய்ச்சலில் வெளியே ஓடினான்.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். பழம் வீட்டில், திருடன் வெளியில். வேறென்ன வேண்டும்? ஆனால் திருடன் ஓடுவதைப் பார்த்ததும் வேலாண்டிக்கு ரத்தம் கொதித்தது.

"விடாதே! பிடி!" என்று தனக்குத்தானே ஆணையிட்டுக்கொண்டு கிளம்பினான்.

முள்ளம்பன்றி சண்டை போடுகிற விதமே தனி. எதிரிக்கு முதுகைக் காட்டும், முள்ளை விரிக்கும், பின்பக்கமாகவே ஓடிப்போய் மோதும். எதிரியின் முகத்தைப் பார்த்துச் சண்டை போடும் வழக்கமே அந்தக் குலத்தில் கிடையாது. எதிரி நிற்கிறானா, ஓடுகிறானா, கும்பிடுகிறானா, எதுவும் தெரியாது. அப்படித்தான் வேலாண்டியும் பின்பக்கமாகத் துரத்தினான். புற்றில் முட்டினான். வேரில் தடுக்கினான். ஒரு காட்டுக்கோழி மேல் ஏறி இறங்கினான். காலடிச் சத்தம் கேட்ட திசையில் விடாமல் போய்க்கொண்டே இருந்தான்.

வளையிலிருந்து வெகுதூரம் தள்ளி ஒரு மூங்கில் புதர். இசக்கி அதற்குள் தலையை நுழைத்தான். தலை போய்விட்டது, உடம்பு போகவில்லை. மாட்டிக்கொண்டான்.

"அண்ணே, வேண்டாம்ணே!" என்று புதருக்குள்ளிருந்து அழுதான்.

வேலாண்டி நிற்கவில்லை. 'சதக்!'

முள்ளெல்லாம் இசக்கியின் பின்புறத்தில் இறங்கின. மரநாய்க்குப் பயமும் வலியும் சேர்ந்து வந்தால் என்ன நடக்கும் என்று காட்டில் எல்லாருக்கும் தெரியும். வாலுக்கடியில் இருக்கிற பை திறந்துகொண்டது. அப்படியொரு நாற்றம்! மூங்கிலில் இருந்த குருவிகள் கூட்டைப் போட்டுவிட்டுப் பறந்தன. வேலாண்டி மூக்கைச் சுளித்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு நடந்தான்.

"திருடனை முடிச்சுட்டேன்!" என்றான்.

"எங்கே வச்சு?" என்று கேட்டாள் செங்கமலம்.

"மூங்கில் புதர்கிட்ட."

"ஏங்க, நம்ம வீடு இங்கே இருக்கு. மூங்கில் புதர் அங்கே இருக்கு. அங்கே என்ன வீட்டைக் காப்பாத்தினீங்க?"

வேலாண்டி பலாப்பழத்தை இன்னும் உள்ளே தள்ளி வைத்தான்.

"அவன் பாய்ஞ்சானா?"

"இல்ல... ஓடினான்."

செங்கமலம் வயிற்றில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பாவி மனுஷா! ஓடுறவனைத் தொடக் கூடாதுன்னு பெரியகருப்பன் ஐயா சொன்னாரே! பக்கத்துல நின்னு நான் கேட்டேன், நீங்கதான் தூங்கிட்டிருந்தீங்க! இப்ப நமக்குக் குளத்தை அடைச்சா, பொறக்கப்போற புள்ளைக்குப் பால் எங்கிருந்து வரும்?"

அப்போதுதான் வேலாண்டிக்கு விஷயம் உறைத்தது. வீரம் போன இடம் தெரியவில்லை. அதற்குப் பதிலாகப் பொய் வந்து உட்கார்ந்தது. "வளைக்குள்ளதான் குத்தினேன்னு சொல்லிடுறேன். பார்த்தவன் யாரு?" என்றான்.

"நல்லா இருக்கு! இருக்கிறது போதாதுன்னு இது வேறயா?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் குளக்கரையில் காடே கூடிவிட்டது. இசக்கியை இலைமேல் கிடத்தித் தூக்கி வந்தார்கள். குப்புறத்தான் கிடந்தான், வேறெப்படிக் கிடப்பான்? வாய் திறந்து பேசவும் தெம்பில்லை. மந்தி பேச்சியம்மாதான் காட்டுக்கு வைத்தியச்சி. பேன் பார்க்கிற அதே விரல்களால் முள்ளைப் பிடுங்கினாள்.

"மத்த முள்ளெல்லாம் சதையோட நின்னுடுச்சு. ஒண்ணு மட்டும் வயித்து வரைக்கும் இறங்கியிருக்கு. பிழைச்சா அவன் அதிர்ஷ்டம்" என்றாள்.

பெரியகருப்பன் அசைபோட்டபடியே வேலாண்டியைப் பார்த்தார். "சொல்லு."

"ஐயா, நான் தூங்கிட்டிருந்தேன். இவன் வளைக்குள்ள பூந்து என்னைக் கொல்லப் பாய்ஞ்சான். அங்கேயே குத்தினேன். குத்துப்பட்டுத்தான் மூங்கில் வரைக்கும் ஓடியிருக்கான்!"

"பாய்ஞ்சவனுக்கு முகத்துலதானே முள் ஏறணும்? இவனுக்குப் பின்னால ஏறியிருக்கே?"

கூட்டத்தில் ஒரு கிளி 'கிக்'கென்று சிரித்தது. வேலாண்டிக்கு வியர்த்தது. ஆனால் மாட்டிக்கொண்டவனுக்கு மூளை வேகமாக ஓடும்.

"ஐயா! மரநாய்க்கு ஆயுதமே பின்னாலதானே இருக்கு! வாலைத் தூக்கிக்கிட்டு அந்தப் பையைக் காட்டித்தான் என் மேல பாய்ஞ்சான்! நானும் பின்பக்கமா, அவனும் பின்பக்கமா! மோதிக்கிட்டோம்!"

கூட்டம் 'அட!' என்றது. யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. மரநாயின் நாற்றம் பட்டு மூன்று வேளை சோறு இறங்காமல் கிடந்தவர்கள் அங்கே நிறையப் பேர். கரடி தலையை ஆட்டியது. கிளிகூட வாயை மூடிக்கொண்டது. வேலாண்டிக்கு உயிர் வந்தது. தப்பித்தோம் என்று செங்கமலத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெரியகருப்பன் அசைபோட்டார். அவர் அசைபோட்டு முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது. ஒருவழியாக விழுங்கினார்.

"சரி. இவன் வாலைத் தூக்கி உன்மேல அந்த நாத்தத்தை அடிச்சான். அப்படித்தானே?"

"அடிச்சாங்க! கண்ணே எரிஞ்சுபோச்சுங்க!"

"வளைக்குள்ள?"

"வளைக்குள்ளதாங்க!"

"அப்ப வா, உன் வளையை மோந்து பார்ப்போம்."

வேலாண்டிக்கு முள்ளெல்லாம் படுத்துவிட்டன. காட்டெருமை முன்னால் போக, காடு பின்னால் போனது. பெரியகருப்பன் தன் பெரிய மூக்கை வளைவாசலில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தார்.

"பலாப்பழம்" என்றார். மறுபடியும் இழுத்தார். "பலாப்பழம் மட்டும்தான்."

பிறகு மூங்கில் புதர்ப் பக்கம் நடந்தார். பாதி தூரத்திலேயே கரடி குமட்டியது. கிளி மயங்கி விழாத குறை. புதருக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை.

"நாத்தம் எங்கே இருக்கோ, குத்து அங்கேதான் விழுந்திருக்கு. உன் வீட்டுலேர்ந்து இவன் பயந்து ஓடியிருக்கான். இங்கே தலை மாட்டி நின்னிருக்கான். நீ அதுக்கப்புறம் குத்தியிருக்கே. சரிதானே வேலாண்டி?"

வேலாண்டி மண்ணைப் பார்த்தான். "சரிங்க" என்று முனகினான்.

"கேட்டுக்கோ. வளைக்குள்ள இவன் உன் கழுத்தைக் கடிக்கப் பாய்ஞ்சிருந்து, நீ குத்தி இவன் செத்திருந்தா, நானே வந்து உன் முதுகைத் தட்டிக் கொடுத்திருப்பேன். முள்ளைப் பார்த்துத் தட்டியிருப்பேன், அது வேற விஷயம். பழத்துக்கு வந்தவனை மிரட்டி விரட்டினியே, அதுவும் சரி. ஆனா அவன் வாசலைத் தாண்டி ஓடின நிமிஷமே உன் ஆபத்து தீர்ந்துபோச்சு. அதுக்கப்புறம் நீ வீட்டைக் காக்கலை, வேட்டைக்குப் போயிருக்கே!"

"ஐயா, எம் பொண்டாட்டி புள்ளத்தாச்சி..."

"குடும்பத்தோட குளத்தை அடைக்கிறதுதான் சட்டம். இருந்தாலும் அவ தப்பு பண்ணலை. அவளுக்குக் குளம் உண்டு. ஆனா உனக்கு இவன் குடிச்ச பிறகுதான் தண்ணி. இவனால நடக்க முடியாது. தினமும் நீதான் குளத்துக்குக் கூட்டிட்டு வரணும். இவன் வாய் வச்சதும் நீ வாய் வைக்கலாம். இவன் செத்துப்போனா, உனக்கு இந்தக் குளம் கிடையாது."

இசக்கியும் தப்பிக்கவில்லை. "உடம்பு தேறினதும் செங்கமலத்துக்கு ஒரு பலாப்பழம் இறக்கிக் கொடுக்கணும். நல்லதாப் பார்த்து!" என்று அவனுக்கும் தண்டனை விழுந்தது.

மறுநாள் காலையில் வேலாண்டி மரநாயை அழைக்கப் போனான். முள்ளம்பன்றிமேல் யார் சாய முடியும்? ஆகவே வேலாண்டி முள்ளையெல்லாம் அடக்கிப் படுக்க வைத்துக்கொண்டான். இசக்கி அவன் கழுத்துப் பக்கமாகக் கையைப் போட்டுக்கொண்டான். இருவரும் தத்தித் தத்தி நடந்தார்கள். ஒரு சருகு சரசரத்தாலும் வேலாண்டிக்கு முள் சிலிர்க்கப் பார்க்கும். "அடங்கு, அடங்கு!" என்று தன் முதுகைத் தானே கெஞ்சிக்கொண்டான். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

பாதி வழியில் இசக்கி விழுந்துவிட்டான். கண் மேலே செருகியது.

"டேய்! எழுந்திருடா! செத்துத் தொலைச்சிடாதேடா!" என்று வேலாண்டி கதறினான்.

இசக்கி ஒரு கண்ணைத் திறந்தான். "நேத்து நான் கெஞ்சினேனே அண்ணே. அப்ப நிக்காம வந்து கொல்லப் பார்த்தீங்க. இன்னைக்கு ஏன் அழறீங்க? தண்ணி கிடைக்காதுன்னா?"

வேலாண்டிக்குச் சுருக்கென்றது. கிளம்பும்போது தண்ணீருக்காகத்தான் கிளம்பினான். அதை அவனால் மறைக்க முடியவில்லை. ஆனால் இப்போது முதன்முறையாக அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன முகம். காய்ந்த உதடு. பயந்த கண்.

"தண்ணிக்காகத்தான் வந்தேன்" என்றான். "ஆனா இப்ப அதுக்காக அழலைடா. நேத்து உன் மூஞ்சியை நான் பார்க்கவே இல்ல. நீ என்மேல பாய்ஞ்சிருந்தா, சத்தியமா நான் நடுங்கிப்போய் மூலையில ஒண்டியிருப்பேன். நீ ஓடினதாலதான் எனக்கு வீரமே வந்துச்சு!"

இசக்கி கையை நீட்டினான். "தூக்குங்க. முள்ளைப் பார்த்து!"

குளத்தங்கரையில் இசக்கி குனிந்து குடித்தான். முதல் வாய் உள்ளே இறங்கும்வரை வேலாண்டி மூச்சுவிடவில்லை. பிறகு அவன் பக்கத்திலேயே குனிந்து, வெட்கத்தோடு, தன் வாயையும் வைத்தான்.

வீடு புகுந்து உயிரெடுக்க வருபவனைத் தடுக்கக் குத்துவது உரிமை. புறமுதுகு காட்டி ஓடுபவனைத் துரத்திக் குத்துவது கோழையின் கொலைவெறி.